கரைந்தது பாட்டில்

மேடையின் நடுவில் அமர்ந்திருக்கும் ஆட்சிக் குழுத் தலைவி அவர்களே, அவருக்கு வலப்பக்கம் அமர்ந்து, இப்போதுதான் கண்களைத் துடைத்துக் கைக்குட்டையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்த நம் கடலாய்வு நிலையத்தின் இயக்குநர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அத்தான் அவர்களே, அவர் மகளே, பின்னால் சுவரில் சாய்ந்தபடி நான் எப்போது உளறுவேன் என்று காத்திருக்கும் என் ஆய்வகத் தோழர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். என் கையில் இருக்கும் இந்த இரங்கல் உரையை, அக்கா உயிரோடு இருக்கும்போதே எழுதிவிட்டேன்.

முகம் சுளிக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் நடந்தது இது. மருத்துவர் வெளியே வந்தார், உதட்டைப் பிதுக்கினார், போய்விட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த மாதிரி நேரத்தில் மற்றவர்கள் அழுவார்கள், நான் எழுதுவேன். ஆய்வக வேலை போக, வார இதழில் நகைச்சுவைப் பக்கமும் எழுதுகிறவனுக்குத் துக்கம் வந்தாலும் அதைப் பத்தி பிரித்துத்தான் பார்க்கத் தெரிகிறது. அக்கா தூங்குகிறார் என்று நினைத்துக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"என்னடா எழுதுற?"

"ஒண்ணுமில்லக்கா, பத்திரிகைக்கு."

"குடு இங்க."

கொடுக்காமல் இருக்க முடியுமா? நீங்கள் யாராவது அவர் கேட்டுக் கொடுக்காமல் இருந்திருக்கிறீர்களா? மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார்.

"'பண்பின் சிகரம், பொறுமையின் உறைவிடம்.' யாருடா இது?"

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"நான் எப்படா செத்தேன்?"

"இன்னும் இல்லக்கா."

"தேதிக்கு இடம் விட்டு வெச்சிருக்க. கெட்டிக்காரன்தான்."

என் பேனாவையே வாங்கித் திருத்த ஆரம்பித்தார். பொறுமையை அடித்தார். பண்பை அடித்தார். 'அனைவரையும் அன்பால் அரவணைத்தவர்' என்ற வரிக்குப் பக்கத்தில் 'பொய்' என்று எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டார். கடைசியில் என் உரையில் மிஞ்சியவை தொடக்கத்தில் 'வணக்கம்', முடிவில் 'நன்றி'. இரண்டுக்கும் நடுவில் வெள்ளைத் தாள்.

"இதுக்குப் பதிலா பாட்டில் கதையைப் போடு" என்றார்.

"அக்கா, அவர் மேடையில உட்கார்ந்திருப்பாரே!"

"அதனாலதான் சொல்றேன். ஆள் இல்லாதப்ப பேசினா அது புறணி. அவர் உட்கார்ந்திருக்கணும். எழுந்து போக முடியாத இடத்துல உட்கார்ந்திருக்கணும். இரங்கல் கூட்டத்தை விட்டா அதுக்கு வேற நல்ல இடம் எங்கடா கிடைக்கும்?"

ஆகவே அன்பர்களே, இனி வருவதற்கு நான் பொறுப்பல்ல. நான் வெறும் ஒலிபெருக்கி. எனக்கு முன்னால் பேசிய இயக்குநர் ஐயா, "என் மாணவி, என் உடன்பிறவாத் தங்கை" என்று நெகிழ்ந்தார். அந்தத் தங்கை அண்ணனுக்கு ஒரு செய்தி கொடுத்து அனுப்பியிருக்கிறார். அதை ஒப்படைக்கவே வந்திருக்கிறேன். ஐயா, தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு முன்னால் கண்ணாடி டம்ளர் வைத்திருக்கிறார்கள். எனக்குப் பிளாஸ்டிக் பாட்டில். இந்த ஏற்பாட்டைச் செய்தவர் யாரோ, அவருக்கு நகைச்சுவை உணர்வு இருக்கிறது.

நண்பர்களே! அக்கா யார்?

காவலாளி முதல் கப்பல் மாலுமி வரை எல்லோருக்கும் அவர் குளிரறை அக்கா. அவரைவிட மூத்தவர்களுக்கும் அக்கா. இதோ பாருங்கள், இந்தப் படத்திலும் கம்பளிக் குல்லா. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். அக்கா காதுவரை குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு கடல்நீர்ப் பாட்டில்கள் வைக்கும் குளிரறையிலிருந்து வெளியே வருவார், மூக்கு நுனி சிவந்து, ஏதோ பனிமலையிலிருந்து இறங்கியவர் மாதிரி. வீட்டில் அத்தானுக்கோ ரொட்டி அடுப்பு. நம் தெருமுனை அடுமனை அவருடையதுதான். "எங்க வீட்ல சண்டையே நிக்காது" என்று அத்தான் ஒரு தடவை என்னிடம் சொன்னார். "நான் சூடா வருவேன், அவ ஜில்லுனு வருவா. கதவைத் தொறக்குறதுக்குள்ள ரெண்டும் சமமாயிடும்." ஏன் அத்தான் சிரிக்கிறீர்கள்? நீங்கள் சொன்னதுதானே?

நான் யார்? நான் எண்ணுபவன். அக்கா கொடுக்கும் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கிக்குக் கீழே வைத்து, முழு ஓடு எத்தனை, உடைந்த ஓடு எத்தனை என்று எண்ணிச் சொல்வது என் வேலை. கல்லூரியில் வேதியியலில் இரண்டு தடவை தவறியவனுக்கு எண்ணுவது ஒன்றுதான் வந்தது. அதிலும் பாதியில் தும்மிவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

எந்த ஓடு என்று அத்தானின் அடுமனையிலிருந்து வந்திருக்கும் நண்பர்கள் கேட்பார்கள். சொல்கிறேன்.

கடலில் டயாட்டம் என்று ஓர் உயிர். ஒற்றைச் செல், கண்ணுக்குத் தெரியாது. கடல்நீரில் இருக்கும் கொஞ்சநஞ்ச சிலிக்காவைப் பொறுக்கியெடுத்துத் தனக்கென்று கண்ணாடியால் ஓர் ஓடு கட்டிக்கொள்கிறது. சோப்புப் பெட்டி மாதிரி மூடியும் அடியுமாக இரண்டு பாதி. மேலெல்லாம் வரிசை தப்பாத துளைகள். அதை முதன்முதலாகப் பார்த்தபோது நான், "யார்க்கா இதை வரைஞ்சது?" என்று கேட்டேன். அக்கா ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

உயிர் இருக்கிறவரை அந்த வீட்டுக்கு ஆபத்தில்லை. செத்ததும் என்ன ஆகிறது? கடல் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறது! கடல்நீர் எப்போதும் சிலிக்காவுக்குப் பசித்தே கிடக்கிறது. அதன் கையில் ஓடு அகப்பட்டால் விளிம்பிலிருந்து அரிக்கும்; துளையைப் பெரிதாக்கும்; இரண்டு துளைகள் சேர்ந்து ஒன்றாகும்; கடைசியில் ஓடும் இருக்காது, ஓடு இருந்த தடமும் இருக்காது. ஆனால் உடனே நடப்பதில்லை. அந்த ஓட்டின்மேல் மெல்லிய பூச்சு ஒன்று இருக்கிறது. அத்தானுக்கு அக்கா இப்படித்தான் விளக்கினார்: "நீங்க பன்னு மேல முட்டை தடவுறீங்கல்ல, அந்த மாதிரி." அந்தத் தோல் இருக்கிறவரை தண்ணீர் கண்ணாடியைத் தொட முடியாது. பாக்டீரியா வந்து தோலைத் தின்று தீர்த்த பிறகுதான் தண்ணீருக்குப் பந்தி. சூடான நீரில் சீக்கிரம்; குளிர்ந்த நீரில் மெதுவாக.

ஆயிரமாயிரம் ஓடுகள் கடலின் அடியைச் சேராமல் வழியிலேயே கரைந்து போகின்றன. எது போய்ச் சேருகிறது தெரியுமா? ஏதாவது ஒரு குட்டிப் பூச்சி தின்று, அதன் கழிவுக்குள் பொதிந்து, கனத்து, விறுவிறுவென்று இறங்குகிறதே, அது! தனியாக, சுத்தமாக, அழகாக மிதந்தவை கரைந்துபோகும். கழிவோடு ஒட்டிக்கொண்டவை போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். நம் நிலையத்திலும் பதவி உயர்வு இப்படித்தான் நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. அக்கா சொன்னார்.

இப்போது பாட்டிலுக்கு வருகிறேன்.

அன்றைக்கு இயக்குநர் ஐயா இயக்குநர் ஆகவில்லை, பிரிவுத் தலைவர். அவரிடம் ஓர் அலமாரி நிறையக் கண்ணாடிப் பாட்டில்கள். வெளிநாட்டுச் சரக்கு, மூடியே காதில் போட்டுக்கொள்ளும் நகை மாதிரி இருக்கும். அவற்றில் கடல்நீரை ஊற்றி, ஓடுகளைப் போட்டு, எவ்வளவு கரைகிறது என்று அளந்தார். அளப்பது எளிது. ஒரு மருந்தை விட்டால் தண்ணீர் நீலமாகும். சிலிக்கா கூடக்கூட நீலமும் கூடும். ஐயாவின் பாட்டில்களில் நீலம் பொங்கி வழிந்தது! தோல் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, ஒரே பருவத்தில் ஓடு காணாமல் போய்விடும் என்று அறிவித்தார். கருத்தரங்கு நடத்தினார். பிற நிலையங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். இதே மண்டபம். ஐயா நின்ற இடமும் இப்போது நான் நிற்கும் இடம்தான்.

கடைசி வரிசையிலிருந்து அக்கா எழுந்தார். குல்லாவைக் கழற்ற மறந்திருந்தார். கையில் ஒரு பாட்டில்.

"சார், ஒரு சின்ன சந்தேகம்."

"கேளும்மா."

"இது உங்க அலமாரிலேருந்து எடுத்த பாட்டில். இதுல வடிகட்டின கடல்தண்ணி மட்டும் ஊத்தி, உங்க பாட்டிலுங்களுக்குப் பக்கத்துலயே வெச்சிருந்தேன். ஓடு ஒண்ணுகூடப் போடல."

சொல்லிக்கொண்டே மருந்தை விட்டார். தண்ணீர் மெல்ல நிறம் மாறியது. நீலம். நல்ல, திருத்தமான, பள்ளிக்கூடச் சீருடை மாதிரி நீலம்.

"ஓடே போடாத பாட்டில்ல ஓடு கரைஞ்சிருக்கு, சார். யாரோட ஓடு?"

மண்டபத்தில் ஒருவர் மட்டும் இருமினார். நான்தான். சிரிப்பை மறைக்க வேறு வழி தெரியவில்லை.

"கரைஞ்சது ஓடு இல்ல சார்" என்றார் அக்கா. "பாட்டில்."

புரிகிறதா நண்பர்களே? கண்ணாடியும் சிலிக்காதான்! சிலிக்காவை அளக்க வந்தவர் சிலிக்காவாலேயே செய்த பாத்திரத்தில் தண்ணீரை வைத்திருக்கிறார். உப்பு எவ்வளவு கரைகிறது என்று பார்க்க உப்பாலேயே கிண்ணம் செய்து வைத்த மாதிரி! இந்தத் தவறை ஒரு சமையல்காரர் செய்வாரா? ஒரு தச்சர் செய்வாரா? செய்ய மாட்டார்கள். இப்படித் தவறு செய்ய எங்களைப் போல நிறையப் படித்திருக்க வேண்டும்.

ஐயா என்ன சொன்னார் தெரியுமா? கோபப்படவில்லை. அவர் என்றுமே கோபப்பட மாட்டார். அதுதான் அவரிடம் பயம். புன்னகையோடு சொன்னார்: "உட்காரும்மா. தேநீர் இடைவேளையில பேசலாம்."

அன்பர்களே, அந்தத் தேநீர் இடைவேளை இன்றுவரை வரவில்லை!

வந்தவையெல்லாம் வேறு. அக்காவின் மேசை ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் போனது. ஜெனரேட்டர் ஓடும்போது மேசை நடுங்கும். பேனா தானாகவே நடந்து கீழே விழும். அக்கா ஒரு கரண்டியைக் கட்டித் தொங்கவிட்டார். எப்போது மின்சாரம் போயிருக்கிறது என்று அந்தக் கரண்டி ஆடுவதைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம். அடுத்து, கப்பல் பயணப் பட்டியலில் அக்கா இல்லை. காரணம் கேட்டதற்கு, "கடல் காற்று உங்களுக்கு ஒத்துக்காதும்மா, குமட்டும்" என்று பதில். அக்காவுக்கா குமட்டும்! புயலில் தட்டு வழுக்கிக்கொண்டு போகும்போது அதைப் பிடித்து வைத்துச் சாப்பிட்டவர் அவர். கப்பல் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும்போதே வாந்தி எடுத்தவர் ஒருவர் இருக்கிறார். யார் என்று சொல்ல மாட்டேன். வலப்பக்கம் திரும்பிப் பார்க்கவும் மாட்டேன்.

அதற்கடுத்த வருடம்தான் உச்சம். அக்கா பிளாஸ்டிக் பாட்டில்களில், குளிரில், இருட்டில், தோல் உள்ள ஓடுகளைத் தனியாகவும் தோல் உரித்த ஓடுகளைத் தனியாகவும் வைத்துப் பார்த்து, தோல்தான் காக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்லியிருந்தார். ஒரு பெரிய மாநாட்டில் ஐயா எழுந்து, "நாங்கள் கண்டறிந்தோம்" என்று ஆரம்பித்தார். நாங்கள்! எந்த நாங்கள்? திரையில் காட்டிய படத்தில் பாட்டில்கள் பிளாஸ்டிக். பின்னணியில் அக்காவின் கரண்டி தொங்குகிறது! முடிவில் நன்றி சொல்லும்போது அக்காவின் பெயரும் வந்தது. வராமல் இல்லை. குளிர்சாதன மெக்கானிக்குக்கு அடுத்ததாக வந்தது.

தன் பழைய பேச்சை முழுக்க விட்டுக்கொடுக்கவும் ஐயாவுக்கு மனமில்லை. அதனால் வாலில் ஒன்று சேர்த்துக்கொண்டார்: தோல் இருந்தாலும் தாமதம்தான், சில வருடங்களில் எப்படியும் எல்லாம் போய்விடும் என்று.

அக்காவிடம் போய், "எப்படிக்கா சும்மா இருக்கீங்க?" என்று கத்தினேன்.

"யாருடா சும்மா இருக்கா? உள்ள வா, கதவைச் சாத்து, குளிர் போகுது" என்றார்.

குளிரறைக்குள் இருக்கும் அக்காவின் அலமாரியை உங்களில் பலர் பார்த்திருக்கிறீர்கள். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். மேல்தட்டில் ஒரு வரிசைப் பிளாஸ்டிக் பாட்டில்கள். தோல் உள்ள ஓடுகள். கீழ்த்தட்டில் இன்னொரு வரிசை; தோல் உரித்தவை. எல்லாவற்றிலும் ஒரே கடல்நீர், ஒரே நாளில் வைத்தவை, மெழுகு வைத்து மூடியவை. திறந்தால் பாக்டீரியா புகுந்துவிடும். ஆகவே திறக்கக் கூடாது. மூலையில் தனியாக ஒரு கண்ணாடிப் பாட்டில். ஐயாவின் அலமாரியிலிருந்து வந்தது. கழுத்தில் ஐயாவின் கையெழுத்தோடு ஒட்டிய சீட்டு. அதிலும் அதே நீர், தோல் உள்ள அதே ஓடுகள்.

"இது எதுக்குக்கா?" என்று கேட்டேன்.

"அவரும் பந்தயத்துல இருக்கட்டும்டா. புதுசா வர்ற பிள்ளைங்களுக்குக் காட்டணும்ல, எதுல வைக்கக் கூடாதுன்னு."

அப்படியே காட்டினார். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒவ்வொருவரையும் அந்தப் பாட்டிலுக்கு முன்னால் நிறுத்தி, "கும்பிட்டுக்கோ, இவர்தான் நம்ம இயக்குநர்" என்பார்.

பிறகு மேல்தட்டைக் காட்டி என்னிடம் சொன்னார். இந்தச் சொற்களை ஒன்றுவிடாமல் சொல்லச் சொல்லி ஆஸ்பத்திரியில் எனக்கு உத்தரவு. "சில வருஷத்துல போயிடும்னு சொன்னார்ல? போகாது. என் தோல் இருக்குற ஓடு நிக்கும். அவர் ஓய்வு பெற்ற பிறகும் நிக்கும், அவர் செத்த பிறகும் நிக்கும். என்னைக்காவது எவனாவது தொறந்து பாத்து, அவ சொன்னதுதான் சரின்னு சொல்லணும். அதுதான்டா என் பழி. எனக்கு வேற பழி வேண்டாம்."

எவ்வளவு மெதுவான பழி பாருங்கள்! நம்மைப் போன்றவர்கள் பழிவாங்க மொட்டைக் கடிதம் போடுவோம். அக்கா ஓடு கரையாமல் இருக்கக் காத்திருந்தார். விடுமுறையில் வந்து கதவின் ரப்பரைத் தடவிப் பார்த்தார். மகளின் பட்டமளிப்பு விழாவுக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்தி, புதுப் புடவைமேல் குல்லாவைப் போட்டுக்கொண்டு, ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அம்மா விழாவுக்கு வந்த கோலத்தை மகள் இன்னும் மன்னிக்கவில்லை.

மன்னிப்பு என்றதும் நினைவு வருகிறது. "போனவர் போய்விட்டார், எல்லாவற்றையும் மறந்து மன்னிப்போம்" என்று இதுபோன்ற மேடைகளில் சொல்வார்கள். எனக்கு முன்னால் பேசிய ஐயாவும், "எங்களுக்குள் சிறு சிறு கருத்து வேறுபாடுகள் இருந்தன, அவர் பெரிய மனம் படைத்தவர், மன்னித்திருப்பார்" என்றார். இல்லை ஐயா. மன்னிக்கவில்லை. நானே கேட்டேன். ஆக்சிஜன் குழாயை மூக்கிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்: "மாட்டேன்." மறுபடி குழாயை வைத்துக்கொண்டார். பெரிய மனம்தான், அவ்வளவு பெரிய மனத்தில் ஒரு மூலையை உங்களுக்காகக் கடைசிவரை ஒதுக்கி வைத்திருந்தார்.

நண்பர்களே! ஐயாவின் இன்றைய அறிவிப்பைக் கேட்டீர்கள். நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன், பக்கத்தில் இருந்தவர் பார்த்தாரே என்று. என்ன அறிவித்தார்? அக்காவின் நினைவாக ஓர் அரங்கம்! மெத்தை நாற்காலி, பெரிய திரை, வாசலில் அக்காவின் படம். எங்கே வரப்போகிறது அந்த அரங்கம்? "இப்போது பயன்பாட்டில் இல்லாத குளிரறை இருக்கும் இடத்தில்" என்றார். பயன்பாட்டில் இல்லாத! நாளைக் காலையில் குளிரூட்டியை நிறுத்தப் போகிறார்களாம். அலமாரியைக் காலி செய்யப் போகிறார்களாம்.

இதைவிடத் திறமையாக ஒருவரைக் கொல்ல முடியுமா? அக்காவின் பெயரை வாசலில் எழுதிவிட்டு அக்காவின் பந்தயத்தைச் சாக்கடையில் ஊற்றுவது! அவர் இருந்தபோது கடைசி மேசைக்குத் தள்ளினீர்கள்; கப்பலிலிருந்து இறக்கினீர்கள்; மெக்கானிக்குக்குப் பின்னால் நிறுத்தினீர்கள். மிச்சம் இருந்தது ஓர் அலமாரி. அதையும் படமாக்கி மாட்டப் பார்க்கிறீர்கள். விடுவோமா?

விடுவோமா என்று கேட்டேன். பின்வரிசை மட்டும் சத்தம் போட்டால் போதாது. அடுமனைக்காரர்களே, உங்களுக்குத் தொண்டை இல்லையா? நாள் முழுக்க "ரொட்டி, ரொட்டி" என்று கத்துகிறீர்களே! ஆங். இப்போது கேட்டது.

தலைவி அம்மா, கேட்டீர்களா? நான் கேட்பது சின்ன விஷயம். அரங்கம் வேண்டாம். படம் வேண்டாம். மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தால் அக்காவே திட்டுவார். குளிரறை அப்படியே ஓடட்டும். பாட்டில்கள் அப்படியே இருக்கட்டும். நீங்கள் இருக்கும்போதே, இத்தனை பேர் முன்னால், ஐயா வாயால் ஒரு வார்த்தை சொல்லட்டும்.

தலைவி அம்மா ஐயாவைப் பார்க்கிறார். ஐயா கைக்குட்டையைப் பார்க்கிறார்.

தலையாட்டுகிறார்! பார்த்தீர்களா? இல்லை ஐயா, தலையாட்டல் பின்வரிசைக்குத் தெரியாது. இதோ ஒலிவாங்கி. கம்பி எட்டும், பிடியுங்கள்.

"...குளிரறை இருக்கும்."

இன்னும் கொஞ்சம் உரக்க, ஐயா. எத்தனையோ கருத்தரங்கில் பேசியவர் நீங்கள்.

"குளிரறை இருக்கும். நான் இருக்கிறவரைக்கும் அதை யாரும் நிறுத்த மாட்டாங்க."

நன்றி! எழுந்து நின்று கைதட்டுங்கள், நண்பர்களே! இரங்கல் கூட்டத்தில் கைதட்டலாமா என்று யோசிக்காதீர்கள். அக்கா இருந்தால் விசில் அடித்திருப்பார். இயக்குநர் ஐயாவே இனிக் காவல்! அவர் ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு கோடையிலும், மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஓடி அந்தக் கரண்டி ஆடும்போதெல்லாம், அவருக்கு அக்காவின் ஞாபகம் வரும். வர வேண்டும்! தூக்கத்தில் ஜில்லென்று காற்று பட்டால் வர வேண்டும். டம்ளரில் தண்ணீர் குடித்தால் வர வேண்டும். இதைவிட நல்ல நினைவு அரங்கம் உண்டா?

என் பங்குக்கு இந்த மேடையில் உறுதி சொல்கிறேன். கதவின் ரப்பரை நான் தடவிப் பார்ப்பேன். குல்லா எனக்கு அழகாக இருக்காது, போட்டுக்கொள்வேன். புதிதாக வருகிறவர்களை மூலைப் பாட்டிலுக்கு முன்னால் நிறுத்துவேன். எண்ண வேண்டியதை எண்ணுவேன். எண்ணியதைச் சொல்வேன். இதோ இந்தத் தோழர்களும் சொல்வார்கள்.

எண்ணியதைச் சொல்வேன் என்றேன். அங்கேதான் சிக்கல்.

ஒரு தடவை என் எண்ணிக்கை அக்காவின் எதிர்பார்ப்புக்கு நேர்மாறாக வந்தது. தயங்கித் தயங்கி, "இன்னொரு சொட்டு எடுத்துப் பாக்கட்டுமாக்கா?" என்று கேட்டேன். "ஏன், இந்தச் சொட்டு உனக்கு என்னடா துரோகம் பண்ணிச்சு?" என்றார். "எண்ணினியா? சொல்லு. எனக்கு எதிரா இருந்தா இன்னும் சத்தமாச் சொல்லு."

அறையைக் காலி செய்யப் போகிறார்கள் என்று நேற்றே காவலாளி என் காதில் போட்டுவிட்டார். எல்லாம் சாக்கடைக்குப் போவதற்குள் பார்த்துவிடுவோம் என்று இன்று காலை, இங்கே வருவதற்கு முன்னால், தட்டுக்கு ஒரு பாட்டிலாக மெழுகை உடைத்தேன். மற்றவை மூடியபடியே இருக்கின்றன. மூலையில் இருந்த ஐயாவின் கண்ணாடிப் பாட்டிலையும் திறந்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு.

கீழ்த்தட்டு, தோல் உரித்தவை: ஒன்றும் இல்லை. எதிர்பார்த்ததுதான்.

மேல்தட்டு, தோல் உள்ளவை: ஒன்றும் இல்லை. இரண்டாவது சொட்டும் பார்த்தேன், அக்கா மன்னிக்கட்டும். மூன்றாவதும் பார்த்தேன். வெறும் தண்ணீர். சில வருடங்களில் போய்விடும் என்று ஐயா சொன்ன மாதிரியே.

கண்ணாடிப் பாட்டில் இத்தனை வருடமும் தன்னையே கரைத்துக் கரைத்து அந்தத் தண்ணீரின் சிலிக்காப் பசியைத் தீர்த்து வைத்திருக்கிறது. அதற்குள் இருந்த ஓடுகள் அத்தனையும், ஒரு துளைகூடப் பெரிதாகாமல், நேற்று போட்ட மாதிரி இருக்கின்றன.